எக்ஸ்ரேயையே ஏமாற்றும் தோள்பட்டை விலகல்... எப்போது தேவை அறுவை சிகிச்சை?

ராத்திரி தூக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. காலையில் எழுந்தால் தோள்பட்டையில் வலி. 'வலிப்பில் கையை முறுக்கியதில் சுளுக்கு விழுந்திருக்கும்' என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். வலி குறையவில்லை என்றதும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 'எலும்பு முறிவு எதுவும் இல்லை' என்று வலி மாத்திரை கிடைக்கிறது. இரண்டு மாதம் கழித்தும் கை தூக்க முடியாததால் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் யாரோ ஒரு மருத்துவர் சி.டி ஸ்கேன் எடுக்கச் சொல்ல, அப்போதுதான் தெரிகிறது... வலிப்பு வந்த அந்த ராத்திரியிலிருந்தே தோள்பட்டை மூட்டு பின்பக்கமாக விலகியே இருந்திருக்கிறது!

எலும்பு மருத்துவ உலகில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது. பின்பக்கத் தோள்பட்டை விலகலில் சுமார் பாதி, முதல்முறை மருத்துவரிடம் போகும்போது கண்டுபிடிக்கப்படாமல் தப்பிவிடுகிறது என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. அந்தத் தாமதத்துக்கு நோயாளி கொடுக்கும் விலை பெரியது. முதல் சில நாள்களில் மயக்க மருந்து கொடுத்து, கத்தி படாமலேயே பொருத்திவிடக்கூடிய மூட்டு, மாதங்கள் கழிந்தால் எலும்பை வெட்டி ஒட்டும் அறுவை சிகிச்சை, இன்னும் தாமதமானால் செயற்கை மூட்டு என்று போய் நிற்கிறது.

யாருக்கெல்லாம் இந்தப் பிரச்னை வரும், எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த நிலையில் என்ன அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு என்னென்ன கவனம் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

அகல் விளக்கில் வைத்த ஆரஞ்சு

தோள்பட்டை ஒரு பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் தலைப்பகுதி பந்து. முதுகின் மேல்பக்கம் இறக்கை போலத் தெரிகிற தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருப்பது கிண்ணம். இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழமானது. தோளில் அப்படியில்லை. ஓர் அகல் விளக்கின் மீது ஆரஞ்சுப் பழத்தை வைத்தது போலத்தான் இருக்கும். பந்தின் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் எந்த நேரத்திலும் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது இந்த ஆழமில்லாத கிண்ணத்தால்தான். பெரிய மூட்டுகளில் அதிகமாக விலகுவது தோள்பட்டை என்பதற்கும் காரணம் அதுவே. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம், அதைச் சுற்றி மூட்டு உறை, அதற்கு மேல் தசைகள். இவை எல்லாம் சேர்ந்துதான் பந்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன.

'தோள்பட்டை இறங்கிடுச்சு' என்று நாம் பொதுவாகச் சொல்வது, பந்து முன்பக்கமாக விலகுவதை. நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவை இந்த வகைதான். தோளின் உருண்டை வடிவமே மாறிப்போய், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பின்பக்கமாக விலகுவது நூற்றுக்கு 2 முதல் 5 வரைதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 112 பேரின் 120 தோள்களை வைத்துச் செய்யப்பட்டு, 2011-ல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 1.1 என்ற அளவில்தான் இது வருகிறது என்று கணக்கிட்டார்கள். 20 முதல் 49 வயது வரையிலான ஆண்களிடமும், 70 வயதைக் கடந்த முதியவர்களிடமும் அதிகம் காணப்பட்டது. இவ்வளவு அரிதாக வருவதும் இது தவறவிடப்பட ஒரு காரணம். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஓர் இளம் மருத்துவர் சில ஆண்டுகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம்.

வலிப்பு, ஷாக், விபத்து

கையை உள்பக்கமாகத் திருப்பும் தசைகள் நம் உடலில் பெரியவை. மார்புத் தசையும், முதுகின் அகலமான தசையும் அதில் அடக்கம். வெளிப்பக்கமாகத் திருப்பும் தசைகள் சிறியவை. வலிப்பு வரும்போதும், மின்சாரம் தாக்கும்போதும் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் முழு பலத்துடன் இறுகுகின்றன. அந்த இழுபறியில் பெரிய தசைகள் ஜெயிக்க, கை உள்பக்கமாகத் திரும்பி, பந்து கிண்ணத்தின் பின்விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. கீழே விழாமல், எதிலும் மோதாமல், படுக்கையில் படுத்தபடியே தோள்பட்டை விலகுவது இப்படித்தான்.

மூன்றாவது காரணம் விபத்து. பைக்கிலிருந்து விழும்போது கையை முன்னால் நீட்டி ஊன்றினால், அந்த வேகம் பந்தைப் பின்னால் தள்ளும். எடின்பரோ ஆய்வில் 67 சதவிகிதம் விபத்தால் வந்தவை. மீதியில் பெரும்பாலானவை வலிப்பால் வந்தவை.

வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வலிப்பு வரும் என்று நினைக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்தாலும் வலிப்பு வரலாம். நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போதும் வரலாம். இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் பின்பக்கம் விலகியிருந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது வலிப்பைத்தான். சில நேரங்களில், தனக்கு வலிப்பு வந்தது என்பதே ஒருவருக்குத் தோள்பட்டை வழியாகத்தான் தெரியவரும்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது?

கல்யாண வீட்டு குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நின்று எடுத்தால், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் எத்தனை அடி இடைவெளி என்பது படத்தில் தெரியாது. பக்கவாட்டில் நின்று எடுத்தால் பளிச்சென்று தெரியும். வழக்கமாக எடுக்கும் தோள்பட்டை எக்ஸ்ரே நேர் எதிரே எடுப்பது. முன்பக்கம் விலகும் பந்து கூடவே கீழேயும் இறங்குவதால் அதில் சிக்கிவிடும். பின்பக்கம் விலகும் பந்து அதே உயரத்தில், நேர் பின்னால் போய் நிற்பதால், பார்ப்பதற்கு அதன் இடத்திலேயே இருப்பது போலத் தோன்றும்.

அந்தப் படத்திலும் துப்பு இருக்கும். கை உள்பக்கம் திரும்பியே இருப்பதால், பந்து இரண்டு பக்கமும் சமமாக உருண்டு, பழைய குண்டு பல்பு போலத் தெரியும். இதை 'லைட் பல்ப் அடையாளம்' என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால், அதைத் தேடுகிற கண்ணுக்குத்தான் அது தெரியும். அதனால்தான் அக்குள் வழியாக எடுக்கும் 'ஆக்ஸிலரி' எக்ஸ்ரே அல்லது பக்கவாட்டு 'ஒய் வியூ' எக்ஸ்ரே கட்டாயம் தேவை. வலியால் கையை விலக்க முடியாவிட்டால் சி.டி ஸ்கேன் எடுத்துவிடலாம். எந்த அறுவை சிகிச்சை என்று முடிவு செய்வதற்கும் சி.டி ஸ்கேன் தேவைப்படும்.

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன்பே, 1839-ல், லண்டனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஆஸ்ட்லி கூப்பர், வலிப்பு வந்த ஒருவருக்குத் தோள்பட்டை பின்பக்கம் விலகியதைப் பதிவு செய்திருக்கிறார். பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் மால்கேய்ன் 1855-ல் இப்படிப்பட்ட 37 பேரைப் பற்றி எழுதினார். எந்தப் படமும் இல்லாமல், கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்கேன் வசதி பெருகிய பிறகோ, 1987-ல் ரிச்சர்ட் ஹாக்கின்ஸ், சார்லஸ் நீர் உள்ளிட்ட மருத்துவர்கள் 40 நோயாளிகளின் 41 தோள்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், காயம் பட்டதிலிருந்து பிரச்னை கண்டுபிடிக்கப்படும் வரை சராசரியாக ஓர் ஆண்டு ஆகியிருந்தது.

வீட்டிலேயே கவனிக்கலாம்

அந்தக் கால மருத்துவர்கள் பார்த்த அடையாளங்களை வீட்டில் இருப்பவர்களும் கவனிக்க முடியும்.

* கை வயிற்றை ஒட்டி, உள்பக்கம் திரும்பியே இருக்கும். அப்படியே வைத்துக்கொள்ளத்தான் நோயாளி விரும்புவார்.

* முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, இரட்டைக் கதவு பீரோவைத் திறப்பது போல இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நல்ல கை திறக்கும். விலகிய கை நேராகக்கூட வராமல் வயிற்றுப் பக்கமே நின்றுவிடும்.

* கையை முன்னால் நீட்டி, கோயிலில் பிரசாதம் வாங்குவது போல உள்ளங்கையை முழுதாக மேலே காட்ட முடியாது.

* இரண்டு தோள்களையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒப்பிட்டால், பாதிக்கப்பட்ட தோளின் முன்பக்கம் தட்டையாகவும், பின்பக்கம் சற்றுப் புடைத்தும் இருக்கும். சதைப்பிடிப்பானவர்களுக்கு இது தெரியாமலும் போகலாம்.

இதைச் செய்து பார்க்கும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டும். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவே கூடாது. ஃப்ரோஸன் ஷோல்டரிலும் கை வெளிப்பக்கம் திரும்பாது என்பதால் இரண்டுக்கும் குழப்பம் வருவது இயல்பு. ஆனால், ஃப்ரோஸன் ஷோல்டர் பெரும்பாலும் மெதுவாக, வாரக்கணக்கில் இறுகிக்கொண்டு வரும். வலிப்பு, ஷாக், விபத்து நடந்த நாளிலிருந்து கை திரும்பவில்லை என்றால், பக்கவாட்டுப் படம் பார்க்காமல் ஃப்ரோஸன் ஷோல்டர் என்று முடிவு கட்டக் கூடாது.

இழுத்துப் பொருத்துவது ஏன் ஆபத்து?

பந்து பின்னால் போகும்போது அதன் முன்பக்கம் கிண்ணத்தின் கூர்மையான பின்விளிம்பில் மோதி நசுங்குகிறது. பிங்பாங் பந்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுமே, அப்படி ஒரு குழி. முன்பக்க விலகலில் பந்தின் பின்பக்கம் விழும் குழிக்கு ஹில்-சாக்ஸ் என்று பெயர். இது அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழுவதால் 'ரிவர்ஸ் ஹில்-சாக்ஸ்'. கிண்ணத்தின் விளிம்பு இந்தக் குழிக்குள் கொக்கி மாட்டியது போலச் சிக்கிக்கொள்ளும். கை பூட்டுப் போட்டது போல நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

அப்படிச் சிக்கியிருக்கும் கையை, விழித்திருக்கும் நிலையில் ஒருவர் பிடித்து இழுத்தால், மேற்கை எலும்பின் கழுத்துப் பகுதியே முறிந்துவிடலாம். பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் போகின்றன. அவை அறுந்தால் பந்து உயிரற்றுப் போய், நாளடைவில் உதிரத் தொடங்கும். அதனால் வீட்டிலோ, கட்டுப் போடும் இடத்திலோ இழுத்துப் பார்ப்பது, உருவி விடுவது எல்லாமே ஆபத்து. கை எந்த நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில் ஒரு துணியால் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடு, டீ எதுவும் வேண்டாம். சர்க்கரை குறைந்து வலிப்பு வந்தவர் என்றால், அதற்கான சிகிச்சைதான் முதலில்.

சிகிச்சையை முடிவு செய்யும் இரண்டு கணக்குகள்

மூட்டு விலகி எத்தனை நாள் ஆகிறது, பந்தில் விழுந்த குழி எவ்வளவு பெரியது... இந்த இரண்டையும் வைத்துத்தான் சிகிச்சை முடிவாகிறது. நோயாளியின் வயது, எலும்பின் உறுதி, செய்யும் வேலை, வலிப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அடுத்து வருபவை. கீழே சொல்லப்படும் சதவிகித எல்லைகள் மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறலாம்.

மூன்று வாரங்களுக்குள், சிறிய குழி: விலகி மூன்று வாரங்களுக்குள் வந்து, குழி பந்தின் பரப்பில் சுமார் 25 சதவிகிதத்துக்குள் இருந்தால், அறுவை சிகிச்சை இல்லாமலேயே முடிக்க வாய்ப்பு அதிகம். முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தி, குழியில் சிக்கிய விளிம்பை மெதுவாக விடுவித்து, பந்தைக் கிண்ணத்துக்குள் கொண்டுவருவார்கள். பிறகு கையைத் திருப்பிப் பார்த்து, மீண்டும் நழுவுகிறதா என்று சோதிப்பார்கள். நழுவவில்லை என்றால் பட்டை போட்டு ஓய்வு, அடுத்து பிசியோதெரபி.

புதிய காயம், ஆனால் ஆழமான குழி: சில வாரங்களுக்குள் வந்தவர்களுக்கு, நசுங்கிய எலும்பை அடியிலிருந்து நெம்பித் தூக்கி, கீழே உண்டாகும் வெற்றிடத்தில் எலும்புத் துகள்களை அடைத்து, ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். இதில் பந்தின் சொந்தக் குருத்தெலும்பே மிஞ்சுவது பெரிய லாபம். நாள்கள் போகப்போக நசுங்கிய எலும்பு அப்படியே கூடிவிடும் என்பதால் இந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும்.

நடுத்தரக் குழி: குழி 25 முதல் 40 அல்லது 45 சதவிகிதம் வரை இருந்தால், பந்தை உள்ளே கொண்டுவந்தாலும் கையை உள்பக்கம் திருப்பும்போது விளிம்பு மறுபடியும் குழியில் விழுந்துவிடும். ஆகவே குழியை நிரப்பியாக வேண்டும். இதற்கு வழி சொன்னவர், நியூயார்க்கைச் சேர்ந்த ஹாரிசன் மெக்லாக்லின். தோளின் முன்பக்கம் பந்தோடு ஒட்டியிருக்கும் 'சப்ஸ்கேபுலாரிஸ்' என்ற தசையின் நாரைப் பிரித்தெடுத்து, அந்தக் குழிக்குள் கொண்டுவந்து தைத்துவிடும் முறையை 1952-ல் அவர் வெளியிட்டார். குழி அடைபடும், விளிம்பு மாட்ட இடம் இருக்காது. பின்னாளில் சார்லஸ் நீர் இதை மாற்றி அமைத்தார். தசைநாரை மட்டும் எடுக்காமல், அது ஒட்டியிருக்கும் சிறிய எலும்பு மேட்டோடு சேர்த்து வெட்டி, குழியில் வைத்து ஸ்க்ரூ போடும் முறை அவருடையது. எலும்போடு எலும்பு கூடுவதால் பிடிப்பு உறுதியாக இருக்கும். இன்றும் உலகம் முழுக்க இந்த இரண்டு முறைகளும், அவற்றின் சில மாற்று வடிவங்களும் செய்யப்படுகின்றன.

பின்னால் விலகிய தோளுக்கு முன்பக்கம் தழும்பு இருக்கிறதே என்று சிலர் குழம்புவதுண்டு. குழி இருப்பது பந்தின் முன்பக்கம் என்பதால், மார்புக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை இடைவெளி வழியாகப் போவதுதான் வழக்கம்.

எலும்பை நிரப்பும் முறை: இளைஞர், பந்தின் மீதிப் பகுதி நன்றாக இருக்கிறது, ஆனால் குழி பெரியது என்றால், இடுப்பு எலும்பிலிருந்தோ, எலும்பு வங்கியிலிருந்தோ எடுத்த எலும்பைக் குழியின் அளவுக்குச் செதுக்கிப் பொருத்தலாம். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கெர்பர், 40 சதவிகிதத்துக்கும் குறையாத குழி இருந்த நோயாளிகளுக்கு, தானமாகக் கிடைத்த எலும்பை வைத்து இப்படிச் செய்ததை 1996-ல் வெளியிட்டார். பந்தின் உருண்டை வடிவம் திரும்பக் கிடைப்பது இதன் பலன். வைத்த எலும்பு நாளடைவில் அமுங்கிப் போகும் அபாயமும் உண்டு.

செயற்கை மூட்டு: பந்தில் பாதி அளவுக்குக் குழி, அல்லது பல மாதங்கள் வெளியிலேயே இருந்து பந்தின் எலும்பு மென்மையாகி, குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலை என்றால், பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துவார்கள். கிண்ணமும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தசைநார்களும் பலமிழந்துவிட்ட முதியவர்களுக்கு, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய 'ரிவர்ஸ்' செயற்கை மூட்டு ஒரு வழி. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதால், 30, 40 வயதுகளில் இருப்பவர்களுக்கு இதைக் கடைசி வாய்ப்பாகவே வைத்திருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவு: இதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான். வயதானவர், வலி அதிகம் இல்லை, சாப்பிட, முகம் கழுவ, உடுத்த முடிகிறது, மறு கை நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுவதை மருத்துவர்கள் பரிந்துரைக்கலாம். வலிப்பைக் கட்டுப்படுத்தவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும், உடல்நிலை மயக்க மருந்தைத் தாங்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

மீண்டும் மீண்டும் நழுவினால்?

ஒருமுறை பொருத்திய பிறகு மறுபடி நழுவுவது இன்னொரு தொல்லை. எடின்பரோ ஆய்வில் முதல் ஆண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு மீண்டும் பிரச்னை வந்தது. 40 வயதுக்குக் கீழே இருப்பது, வலிப்பால் விலகியது, பந்தில் பெரிய குழி ஆகிய மூன்றும் இருந்தவர்களுக்கு அபாயம் அதிகம்.

பந்தில் பெரிய குழி இல்லாமல், கிண்ணத்தின் பின்விளிம்பில் லேப்ரம் மட்டும் கிழிந்து தோள் நழுவுகிறது என்றால், ஆர்த்ரோஸ்கோப்பி என்ற நுண்துளை அறுவை சிகிச்சை போதும். சிறிய துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, கிழிந்த லேப்ரத்தையும் தளர்ந்த மூட்டு உறையையும் கிண்ணத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். 'ஆங்கர்' எனப்படும் சின்னஞ்சிறு முளைகள் எலும்பில் பதிக்கப்பட்டு, தையல் நூல்கள் அவற்றில் கட்டப்படும். கிண்ணத்தின் பின்விளிம்பே உடைந்தோ தேய்ந்தோ போயிருந்தால், இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டெடுத்து அங்கே தடுப்புச்சுவர் போலப் பொருத்துவார்கள்.

ஜிம்மில் அதிக எடையில் பெஞ்ச் பிரஸ் செய்பவர்களுக்கும், எதிராளியைக் கைகளால் தள்ளும் விளையாட்டு வீரர்களுக்கும், ஒரே விபத்தில் விலகாமல், சிறிது சிறிதாக லேப்ரம் கிழிந்து இந்த நிலை வரலாம். பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருப்பவர்களுக்கும், தாங்களாகவே தோளை நழுவவிட்டு உள்ளே தள்ளிக் காட்டுபவர்களுக்கும் எடுத்தவுடன் அறுவை சிகிச்சை பலன் தராது. தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிதான் அவர்களுக்கு முதல் சிகிச்சை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு...

கையில் எந்தப் பிரச்னை என்றாலும் கழுத்தில் ஒரு ஸ்லிங் மாட்டி, கையை வயிற்றின் குறுக்கே தொங்கவிடுவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். பின்பக்க விலகலுக்கு அது உதவாது. கை வயிற்றின் குறுக்கே போனால், பந்து மறுபடியும் பின்னால் போகப் பார்க்கும். அதனால் கை முன்னால் நேராகவோ, சற்று வெளிப்பக்கம் திரும்பியோ இருக்கும்படி, இடுப்போடு ஒட்டிய ஒரு தாங்கு பட்டையைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் வரை அணியச் சொல்வார்கள். பஸ்ஸில் போக, தூங்க, துணி மாட்ட எல்லாமே சங்கடம்தான். ஆனாலும் அதைக் கழற்றி வைப்பது செய்த சிகிச்சையை வீணாக்கிவிடும்.

அந்த வாரங்களில் விரல், மணிக்கட்டு, முழங்கைக்கு அசைவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பிசியோதெரபிஸ்ட் உதவியோடு தோள் அசைவு, அடுத்து தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி என்று படிப்படியாகப் போகும். பொதுவாக மூன்று மாதங்களில் அன்றாட வேலைகள் கைக்கு வரும். பாரம் தூக்கும் வேலைக்கும் விளையாட்டுக்கும் ஆறு மாதங்கள் வரை ஆகலாம்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டியவை: பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுப்பது, முதுகுப்பக்கம் கொக்கி மாட்டுவது, தரையில் கையை ஊன்றி எழுவது, சப்பாத்தி மாவு பிசைவது, கனமான கதவைத் தள்ளுவது, புஷ்-அப் எடுப்பது. இவை எல்லாமே பந்தைப் பின்பக்கம் தள்ளும் அசைவுகள்.

தொற்று, மூட்டு இறுகிப்போவது, நரம்பு பாதிப்பு, மீண்டும் விலகுவது, பந்துக்கு ரத்த ஓட்டம் குறைவது, பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் ஆகியவை இந்த அறுவை சிகிச்சைகளில் வரக்கூடிய சிக்கல்கள். பல மாதங்கள் தாமதமான தோளில் முழு அசைவும் திரும்பக் கிடைப்பது கடினம். கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவில் கொஞ்சம் குறை மிஞ்சலாம். இதை முன்கூட்டியே பேசித் தெரிந்துகொள்வது நல்லது.

வலிப்பைக் கட்டுப்படுத்தாமல் தோள் நிற்காது

எவ்வளவு திறமையாகச் செய்த அறுவை சிகிச்சையையும் அடுத்த வலிப்பு ஒரு நிமிடத்தில் கலைத்துவிடும். எனவே எலும்பு மருத்துவரோடு நரம்பியல் மருத்துவரும் சேர்ந்துதான் இந்தச் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. அறுவை சிகிச்சை அன்று காலை வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னாலும், வலிப்பு மாத்திரையை எப்படி எடுப்பது என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில வலிப்பு மாத்திரைகளை நீண்டகாலம் சாப்பிடும்போது எலும்பின் அடர்த்தி குறையலாம் என்பதால், வைட்டமின் டி அளவையும் எலும்பின் உறுதியையும் பரிசோதித்துக்கொள்வது பயன் தரும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பையோ சாவிக்கொத்தையோ திணிப்பது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு நிற்காது. கைகளை அழுத்திப் பிடித்து அடக்கப் பார்ப்பதும் தவறு. ஏற்கெனவே முழு பலத்தில் இறுகும் தசைகளோடு நாமும் மல்லுக்கட்டினால் தோளுக்குத்தான் சேதம். பக்கத்தில் இருக்கும் பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மென்மையாக ஏதாவது வைத்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* பக்கவாட்டு எக்ஸ்ரே அல்லது சி.டி ஸ்கேன் எடுத்தாயிற்றா?

* பந்தில் குழி விழுந்திருக்கிறதா, எத்தனை சதவிகிதம்?

* மயக்கத்தில் பொருத்திப் பார்க்கும் காலம் இன்னும் இருக்கிறதா?

* என் வயதுக்கும் வேலைக்கும் சொந்த எலும்பைக் காப்பாற்றும் சிகிச்சை சாத்தியமா, செயற்கை மூட்டுதான் வழியா?

* அறுவை சிகிச்சைக்குப் பிறகு எந்த அசைவு எந்த அளவுக்குத் திரும்பும்?

* எந்த வகைப் பட்டை, எத்தனை வாரம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை சிகிச்சை அதில் வருகிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர்களோ, இன்சுலின் போடுபவர்களோ இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். வலிப்பு அடங்கி, அவர் முழு நினைவுக்கு வந்த பிறகு, இரண்டு கைகளையும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஒரு கை திரும்ப மறுத்தால், எண்ணெயைத் தேடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், "பக்கவாட்டுப் படம் எடுத்துப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.